தலைமயிரும் சுயமரியாதையும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் தலைமயிரைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று தலைவர் அவர்கள் அறிவித்ததும் உங்களில் சிலர் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டியதுதான். நம் நாட்டில் மயிர் என்பது ஒன்றுக்கும் உதவாத சங்கதிக்குப் பெயராகிவிட்டது. ஆனால், அந்த ஒன்றுக்கும் உதவாத மயிரை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் எவ்வளவு காரியங்கள் நடத்தியிருக்கிறார்கள் என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஒருவன் தலையில் குடுமி வைத்து அவனை மேலானவன் என்றார்கள். கணவன் செத்த பெண்ணின் தலையை மழித்து அவளை மூலையில் உட்கார வைத்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் தெளிந்தால், வைத்தியனுக்கு நன்றி சொல்லாமல், பிள்ளையின் மயிரைக் கொண்டுபோய் மலையில் கொட்டச் சொன்னார்கள். ஆகவே, மயிர் அற்ப விஷயம் என்று யாரும் தள்ளிவிடுவதற்கில்லை. மனிதனை அடிமைப்படுத்த நினைத்தவன் எவனும் அதை அற்பமாய் நினைத்ததில்லை.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது நம் ஊர்த் தலைமயிரல்ல. அமெரிக்க நாட்டுக் கருப்பு மக்களின் தலைமயிராகும். அங்குள்ள கருப்புப் பெண்கள் பல தலைமுறைகளாகத் தங்கள் சுருள் மயிரைக் கார மருந்து போட்டு நேராக்கிக் கொண்டு வந்தார்கள். இப்போது அவர்களில் ஏராளமானோர் அந்த மருந்தை விட்டுவிட்டு, தாங்கள் பிறந்தபோது இருந்த மயிரோடேயே நடமாடத் துணிந்திருக்கிறார்கள். இதில் என்ன துணிச்சல் வேண்டியிருக்கிறது என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் விற்ற கதை உங்களுக்குத் தெரியும். 1619ஆம் வருஷத்தில் வர்ஜினியாவில் தொடங்கி, 1865இல் சட்டப்படி ஒழிகிறவரை, அந்த அடிமை வியாபாரமும் அடிமை வாழ்வும் நடந்தன. ஒரு மனிதனை மாட்டைப்போல் விற்கவேண்டுமானால் அவன் மாட்டுக்குச் சமானம் என்று முதலில் ஒரு கதை கட்டியாக வேண்டுமல்லவா? அப்படியே கட்டினார்கள். அவன் தோல் மட்டம், அவன் மூக்கு மட்டம், அவன் தலையிலிருப்பது மயிரே அல்ல, ஆட்டு ரோமம் என்றார்கள். நேரான மயிர் 'நல்ல மயிர்' என்றும், சுருண்ட மயிர் 'கெட்ட மயிர்' என்றும் பெயர் வைத்தார்கள். மயிரில் நல்லதேது, கெட்டதேது? மயிர் திருடுமா, பொய் சொல்லுமா? ஆனாலும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நம் நாட்டில் பிறவியில் உயர்ந்தது தாழ்ந்தது என்று ஒருவன் சொன்னதும் மற்றவன் அதை நம்பியதும் எப்படியோ, அப்படியேதான் இதுவும்.

இதில் ஒரு வேடிக்கையைச் சொல்லுகிறோம். 1786இல் லூசியானா ஸ்பெயின் தேசத்தார் ஆட்சியில் இருந்தது. அங்கே அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கருப்புப் பெண்கள் தங்கள் தலையை அழகாய் முடிந்து, நகை வைத்து அலங்கரித்துத் தெருவில் போனார்கள். இது அங்கிருந்த பெரிய மனிதர்களுக்குப் பொறுக்கவில்லை. மீரோ என்ற கவர்னர், அந்தப் பெண்கள் தலைமயிரைத் துணியால் மூடிக்கட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார். பெண்கள் என்ன செய்தார்கள்? நல்ல வண்ணத் துணியாய்ப் பார்த்து வாங்கி, அதையே அழகாய்க் கட்டிக்கொண்டு முன்னிலும் அதிக மிடுக்காக நடந்தார்கள். தோழர்களே! அந்த மயிர் உண்மையிலேயே கேவலமானதாயிருந்தால் அதை மூடச் சொல்லிச் சட்டம் போட வேண்டிய அவசியமென்ன? கேவலமான பொருளுக்கு எவனாவது பயப்படுவானா?

1865க்குப் பிறகு சட்டம் உடம்பை விடுதலை செய்தது. ஆனால் வேலை கொடுக்கிறவன் வெள்ளைக்காரன். பள்ளிக்கூடம், ஆபீஸ், கடை எல்லாம் அவன் வைத்ததுதான் ஒழுங்கு. சுருள் மயிரோடு போனால் 'தலை வாராமல் வந்துவிட்டாயா' என்ற கேள்வி. ஆகவே வயிற்றுப் பாட்டுக்காக மயிரை நேராக்க வேண்டியவர்களானார்கள். முதலில் அடுப்பில் காய்ச்சிய இரும்புச் சீப்பு வந்தது. பிறகு மருந்து வந்தது. காரெட் மார்கன் என்ற கருப்பர், தையல் இயந்திரத்து ஊசியின் சூட்டைத் தணிக்க ஒரு குழம்பு செய்யும்போது, அது கம்பளி நூலை நேராக்குவதைக் கண்டதாகச் சொல்லுகிறார்கள். 1913இல் அதை விற்க ஒரு கம்பெனி வைத்தார். புகையிலிருந்து காக்கும் ஒருவகை முகமூடியையும், தெருவில் வண்டிகளை நிறுத்திவிடும் ஒருவகைக் கைகாட்டியையும் கண்டுபிடித்த புத்திசாலி அவர். அப்படிப்பட்ட அறிவாளிக்கும் அந்தக் காலத்தில் பணம் கொடுத்தது எது என்று பாருங்கள்!

சாரா பிரீட்லவ் என்ற அம்மையார் 1867இல் பிறந்தார். அவருடைய தாய் தகப்பனார் அடிமைகளாயிருந்தவர்கள். துணி வெளுத்துப் பிழைத்த அவர், பிற்காலத்தில் மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரில் தலைமயிர்த் தைலங்கள் விற்றுப் பெரும் செல்வரானார். ஆயிரக்கணக்கான கருப்புப் பெண்களுக்கு அந்த வியாபாரத்தில் தொழில் பழக்கிக் கொடுத்தார். நாம் அவரைக் குற்றம் சொல்ல வரவில்லை. வெள்ளைக்காரி வீட்டில் பாத்திரம் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லாத பெண்ணுக்கு அவர் ஒரு வழி காட்டினார். ஆனால் காலம் செல்லச் செல்ல, 'உன் மயிர் கெட்டது' என்ற பொய்யின் மேல் ஒரு பெரிய வியாபாரமே எழும்பிவிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. மனிதனுக்கு முதலில் பாவி என்று பெயர் வைத்து, பிறகு பாவம் போக்கும் தீர்த்தம் விற்பது புரோகிதன் தந்திரம். முதலில் கெட்ட மயிர் என்று பெயர் வைத்து, பிறகு அதைப் போக்கும் மருந்து விற்பது இந்தத் தந்திரம். இரண்டுக்கும் வித்தியாசம் டப்பாவில்தான்.

நிற்க. அந்த மருந்து என்னதான் செய்கிறது என்று பார்ப்போம். அதற்கு அங்கே 'ரிலாக்சர்' என்று பெயர். இளைப்பாற்றுவது என்று அர்த்தம். பெயரைக் கேட்டால் தலைக்குக் குளிர்ச்சி என்றுதான் தோன்றும். உள்ளே இருப்பதோ பழைய ரகத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு. அதாவது, நம் ஊரில் சவுக்காரம் காய்ச்சவும், அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயைத் திறக்கவும் போடுகிற காஸ்டிக் சோடா. தலைமயிர் கெராட்டின் என்ற ஒரு புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் ஏணிப்படிகளைப்போல் இழுத்துப் பிடித்திருக்கின்றன. சுருள் சுருளாய் நிற்பதற்கு வேண்டிய பலம் அந்தப் பிணைப்பில் இருக்கிறது. காரம் அதை உடைக்கிறது. உடைந்தது மறுபடி பழையபடி சேராது. மயிர் நேராகிவிடுகிறது, கூடவே பலமும் போய்விடுகிறது. மருந்து மயிரோடு நிற்பதுமில்லை. சற்று நேரம் அதிகமானால் மண்டைத் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். அன்றியும், மயிர்க்காலிலிருந்து முளைப்பது சுருளாகவே முளைப்பதால் ஆறு வாரம், எட்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடியும் போட்டாக வேண்டும். அதாவது, ஆயுள் சந்தா!

கிறிஸ் ராக் என்ற கருப்பு நகைச்சுவை நடிகர் 2009இல் 'நல்ல மயிர்' என்று அர்த்தப்படும் பெயரில் ஒரு படம் எடுத்தார். அதில் அலுமினிய டப்பாவை இந்தக் காரத்தில் போட்டுக் கரைந்துபோவதைக் காட்டினார். தலைக்குப் போடும் மருந்தில் அதே காரம் குறைந்த அளவில்தான் இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏனெனில், பயமுறுத்திக் காரியம் சாதிப்பது பகுத்தறிவுக்காரன் வேலையல்ல. அதற்குத்தான் நரகம் காட்டுகிறவர்கள் இருக்கிறார்களே!

ஆண்களும் தப்பவில்லை. மால்கம் எக்ஸ் என்ற பெரிய தலைவர் தம் வாலிபத்தில் காரத்தோடு உருளைக்கிழங்கையும் முட்டையையும் கலந்து தலையில் பூசி, எரிச்சலைப் பல்லைக் கடித்துப் பொறுத்து, மயிரை நேராக்கிக் கொண்டதை 1965இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் விவரித்திருக்கிறார். தம்மைத் தாமே இழிவுபடுத்திக்கொண்டதில் அதை ஒரு பெரிய படியாகவே அவர் கருதினார். சூடு பட்டது மண்டையில் மட்டுமல்ல என்பதை அவர் கண்டுகொண்டார்.

இது இப்படியிருக்க, சரீர சுகத்தைப் பற்றிய ஒரு விபரம். அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 வருஷங்கள் கவனித்து வந்து, 2022இல் ஓர் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 378 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் வந்தது. மயிரை நேராக்கும் மருந்தை உபயோகிக்காத பெண்களில் 100க்கு 1.64 பேருக்கு 70 வயதுக்குள் அந்த நோய் வரலாம் என்றும், அடிக்கடி, அதாவது வருஷத்துக்கு நாலு முறைக்கு மேல் உபயோகித்தவர்களில் 100க்கு 4.05 பேருக்கு வரலாம் என்றும் கணக்கிட்டார்கள். மருந்துதான் நோயை உண்டாக்கியது என்று இதனால் முடிவாகிவிடவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதுதான் இதன் பொருள். நோய் வருவதும் சிலருக்கே. ஆனால், இன்னும் ஆராயவேண்டியிருக்கிறது என்பதே எச்சரிக்கையாயிருக்கப் போதுமான காரணமல்லவா? இந்த மருந்தை அதிகமாகவும், சிறு வயது முதற்கொண்டும் போட்டுக்கொள்ளுகிறவர்கள் கருப்புப் பெண்களாயிருக்கும்போது, ஆபத்து ஏதுமிருந்தால் அதில் பெரும் பங்கும் அவர்கள் தலையில்தானே விழும்?

சரி, மருந்தை விட்டுவிட்டால் மறுநாளே பழைய மயிர் வந்துவிடுமா? வராது. தோழர்களே, இங்கேதான் நமக்கு முக்கியமான பாடம் இருக்கிறது. மருந்து பட்ட மயிர் பட்டதுதான். எந்தத் தைலமும், எந்த மூலிகையும், எந்தப் பூசையும் அதைச் சுருளாக்காது. புதிதாய் முளைப்பதுதான் புதியது. அப்படி முளைப்பதும் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். சிலருக்கு அதற்கும் குறைவு. வருஷம் முழுவதும் காத்திருந்தாலும் 10, 12 சென்டிமீட்டர்தான். அதுவும் சுருண்டு கொள்ளுவதால் பார்வைக்குப் பாதிகூடத் தெரியாது.

இதற்கு அவர்கள் இரண்டு வழி கண்டிருக்கிறார்கள். ஒன்று, மருந்து பட்டதையெல்லாம் ஒரே நாளில் ஒட்ட வெட்டிவிடுவது. இதைப் 'பெரிய வெட்டு' என்கிறார்கள். மற்றொன்று, மருந்தை நிறுத்திவிட்டு, முளைக்க முளைக்க நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வருவது. இதற்கு ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகும். அந்தக் காலம் முழுவதும் ஒரே தலையில் இரண்டு மயிர் இருக்கும். அடியில் சுருண்ட புது மயிர், நுனியில் நேரான பழைய மயிர். இரண்டும் சந்திக்கிற இடம்தான் மிகவும் பலவீனமானது, அங்கேதான் முறியும். ஆகவே வரட்டுத் தலையைச் சீப்பு போட்டு இழுக்காமல், ஈரமாக்கி, கண்டிஷனர் தடவி, விரலாலும் அகலப்பல் சீப்பாலும் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்கிறார்கள். சூட்டுக் கருவிகளைத் தள்ளிவைக்கிறார்கள். இறுக்காமல் பின்னியோ முறுக்கியோ போட்டுக்கொள்ளுகிறார்கள். இரவில் வழவழப்பான துணி கட்டிக்கொண்டு படுக்கிறார்கள். இதெல்லாம் பொறுமையான வேலை. தாயும் மருந்து போட்டவள், பாட்டியும் சூட்டுச் சீப்பு போட்டவள் என்றால், தன் மயிர் எப்படிப்பட்டது என்பதையே முப்பது வயதில்தான் ஒரு பெண் முதன்முதலாகத் தெரிந்துகொள்ளுகிறாள். தன் தலையில் முளைப்பது தனக்கே தெரியாமல் வளர்ந்ததைவிட அடிமைத்தனம் வேறென்ன வேண்டும்?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். மருந்துக்காரன் போன வாசல் வழியாகத் தைலக்காரன் வந்துவிடுகிறான். 'இயற்கை', 'மூலிகை', 'ஏழே நாளில் முழங்கால் வரை' என்று டப்பாவில் அச்சடித்து, முன்னிலும் அதிக விலைக்கு விற்கிறான். எண்ணெய் மயிரை வழவழப்பாக்கி முறியாமல் காக்கலாம். முளைக்கிற வேகத்தை இரட்டிப்பாக்காது. பழைய சாமியை இறக்கிவிட்டு அதே பீடத்தில் புதுச் சாமியை ஏற்றி வைப்பதற்கு நாம் பாடுபடவில்லை.

இவ்வளவும் தலைக்குள்ளேயும் தலைமேலேயும் நடக்கிற போராட்டம். தலைக்கு வெளியே உலகம் சும்மா இருந்ததா? 2010இல் அலபாமாவில் சாஸ்டிடி ஜோன்ஸ் என்ற பெண்ணுக்குக் கிடைத்த வேலை, அவர் தம் சடைத் திரிகளை வெட்ட மறுத்ததால் இல்லையென்றாயிற்று. வழக்கு நடந்தது. சடை மாற்றிக்கொள்ளக் கூடிய ஒன்று, மாற்றமுடியாத இன அடையாளமல்ல என்று சொல்லி, 2016இல் மேல்கோர்ட்டும் அவருக்கு விரோதமாகவே தீர்ப்புச் சொல்லிற்று. 2014இல் அமெரிக்க ராணுவம், கருப்புப் பெண்கள் சாதாரணமாய்ப் போட்டுக்கொள்ளும் பல பின்னல்களை ஒழுங்கல்ல என்று விதி போட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் சிலவற்றை அந்த வருஷத்திலேயே தளர்த்தி, 2017இல் சடைத் திரிகளையும் அனுமதித்தது. நாட்டுக்காக உயிரைக் கொடுக்கலாம். மயிரை மட்டும் கொண்டுவரக் கூடாது என்பது என்ன நியாயமோ!

தென் ஆப்பிரிக்காவிலோ இன்னும் மோசம். 1950இல் அங்கே மனிதர்களை இனவாரியாகப் பதிவு செய்யச் சட்டம் வந்தது. சந்தேகமான ஆளின் மயிரில் ஒரு பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். பென்சில் கீழே விழுந்தால் வெள்ளையன். சிக்கி நின்றால் அல்ல. ஒரு பென்சிலின் தீர்ப்பில் ஒருவன் எங்கே குடியிருக்கலாம், யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்பதெல்லாம் அடங்கியிருந்தது. அந்தச் சட்டம் 1991இல் ஒழிந்தது. ஆனால் 2016இல் பிரிட்டோரியா நகரத்துப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில், கருப்புச் சிறுமிகள் தங்கள் மயிரை 'ஒழுங்குபடுத்த' வேண்டுமென்று சொல்லப்பட்டதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்ய வேண்டியிருந்தது. சட்டம் செத்தும் பென்சில் சாகவில்லை! ஆனால் அந்தச் சிறுமிகள் விடவில்லை. அந்த விதி நிறுத்திவைக்கப்பட்டது.

அமெரிக்காவிலும் காற்று மாறத் தொடங்கியது. 1960களில் கருப்பே அழகு என்ற முழக்கத்தோடு ஆணும் பெண்ணும் சுருள் மயிரைத் தலையைச் சுற்றி வட்டமாய் வளர்த்து நடந்தார்கள். பின்னால் அந்த வேகம் தணிந்து மருந்து மறுபடி தலைக்கேறியது. இந்த நூற்றாண்டில் பெண்கள் ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொடுத்து மீண்டும் எழுந்தார்கள். 2019இல் கலிபோர்னியா மாகாணம், இனத்துக்கு இயல்பான மயிரையோ பின்னலையோ காரணங்காட்டி வேலையிலும் பள்ளியிலும் ஒருவரை ஒதுக்கக்கூடாது என்று முதன்முதலாகச் சட்டம் செய்தது. பிறகு இருபதுக்கும் மேற்பட்ட மாகாணங்கள் அதைப் பின்பற்றின. நாடு முழுமைக்கும் செய்ய வந்த மசோதா 2022இல் கீழ்சபையில் நிறைவேறியும் மேல்சபையில் நிறைவேறவில்லை. இருந்தாலும், மருந்து விற்றவன் கருணையினாலா இவ்வளவும் நடந்தது? வாங்கியவள் 'வேண்டாம்' என்றதினால் நடந்தது.

இதில் நமக்கென்ன சம்பந்தம் என்று யாராவது கேட்கலாம். நேரான சம்பந்தமே இருக்கிறது. கருப்புப் பெண்கள் சுருள் மயிரை மறைத்து மேலே தைத்துக்கொள்ளும் நேரான மயிர் எங்கிருந்து போகிறது தெரியுமா? அதில் ஒரு பங்கு திருப்பதி மலையிலிருந்து போகிறது. பக்தர்கள் மழித்துக்கொடுக்கும் மயிரைத் தேவஸ்தானத்தார் தரம் பிரித்து ஏலத்தில் விற்கிறார்கள். நாம் மேலே சொன்ன படத்தில் கிறிஸ் ராக் இந்தியாவுக்கே வந்து அதைக் காட்டியிருக்கிறார். இங்கே ஒரு ஏழைத் தாய், கடவுளுக்கு மயிர் வேண்டுமென்று நம்பிக் கொடுக்கிறாள். அங்கே ஒரு ஏழைப் பெண், தன் மயிர் கெட்டதென்று நம்பிக் கூலிப்பணம் கொடுத்து வாங்குகிறாள். கொடுத்தவளுக்குக் காசில்லை, வாங்கியவளுக்கு மிச்சமில்லை. நடுவில் நின்றவர்கள் கொழுத்தார்கள். இரண்டு மூடநம்பிக்கைகள் கடல் தாண்டிக் கைகோத்துக்கொண்டதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அன்றியும், இன்று நம் ஊர்க் கடைத்தெருக்களிலேயே மயிரை நேராக்கும் நிலையங்கள் வந்துவிட்டன. கெராட்டின் சிகிச்சை என்ற பெயரில் போடும் மருந்துகள் சிலவற்றைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு ஆவி கிளம்புகிறது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது முடிவான விஷயம். அதைப் போட்டுக்கொள்ளுகிறவளைவிட, நாள் முழுவதும் அந்த அறையில் நின்று பத்துப் பேருக்குப் போட்டுவிடும் கூலிக்காரப் பெண் அதிகம் சுவாசிக்கிறாள். 'சுருட்டை முடி சோறு போடும்' என்று நம் கிழவிகள் சொல்லுவார்கள். சுருட்டையும் சோறு போடாது, நேரும் சோறு போடாது. உழைப்புத்தான் சோறு போடும். ஆனால் சுருட்டையைப் பழிக்காத அளவுக்காவது அந்தக் கிழவிகளுக்கு அறிவிருந்தது. இன்று பெண் பார்க்க வருகிறவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், மூக்கைப் பார்க்கிறார்கள், மயிரையும் தொட்டுப் பார்க்கிறார்கள். மாட்டுத் தரகனுக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

தாய்மார்களே! மயிரை நேராக்கிக்கொண்ட பெண்ணையெல்லாம் மானமற்றவள் என்று ஏசும்படி நாம் சொல்லவில்லை. அப்படி ஏசுவது மற்றொரு வைதீகமாகிவிடும். அவள் மயிர் அவளுடையது. வெட்டலாம், வளர்க்கலாம், நேராக்கலாம், சாயம் போடலாம். ஆனால் அவள் அதைத் தன் இஷ்டத்துக்குச் செய்கிறாளா, அல்லது செய்யாவிட்டால் வேலை போகும், கலியாணம் நிற்கும், நாலுபேர் சிரிப்பார்கள் என்று செய்கிறாளா என்பதுதான் கேள்வி. வேண்டாமென்று சொல்ல முடியாத இடத்தில் வேண்டுமென்று சொல்வதற்கு மதிப்பில்லை.

ஆகவே, உங்களை நாம் கேட்டுக்கொள்வது பெரிய காரியமல்ல. டப்பாவில் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்து, தெரிந்தவர்களைக் கேட்டு, அதற்குமேல் தலையில் போடுங்கள். எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளின் தலையில் எந்தக் காரத்தையும் போடாதீர்கள். உங்கள் பெண்ணைப் பார்த்து 'பரட்டை' என்று வேடிக்கைக்கும் சொல்லாதீர்கள். மருந்தை விட்ட பெண் தலையில் இரண்டு மயிரோடு நடந்து வந்தால் சிரிக்காதீர்கள்.

நம் சமுதாயமும் இன்று அப்படித்தான் இருக்கிறது. அடியில் புதிய அறிவு முளைத்திருக்கிறது. நுனியில் பல நூற்றாண்டு மருந்து தொங்குகிறது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் அடிக்கடி முறிகிறது. தொங்குவதைத் தைலம் தடவிச் சரிப்படுத்திவிடலாம் என்று சீர்திருத்தக்காரர்கள் சொல்லுகிறார்கள். முடியாது. அது ஒருக்காலும் உயிர் பெறாது. ஒரே வெட்டாக வெட்டத் துணிந்தவர்கள் வெட்டுங்கள். முடியாதவர்கள் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டராவது வெட்டிக்கொண்டே வாருங்கள். ஆனால் மறுபடி மட்டும் அந்த மருந்தைத் தொடாதீர்கள்.